ஒளியிழை உணரியா, உலோக உணரியா: அளக்கும் இடத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் தொழில்துறை இணைப்பில் ஒளியிழை உணரிகளை (கண்ணாடி இழையில் செல்லும் ஒளியைக் கொண்டு வெப்பம், இழுப்பு முதலியவற்றை அளப்பவை) பற்றி அண்மையில் வெளிவந்த கட்டுரையை இருமுறை படித்தேன். இத்தகைய பொருளுக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று முழுப் பக்கம் ஒதுக்கியது, ஆலைகளில் கருவிப் பராமரிப்புப் பிரிவில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற எனக்கு மிகுந்த மகிழ்ச்சியை அளித்தது. ஆயினும், தெர்மோகப்பிள் (இரு உலோகக் கம்பிகளின் இணைப்பில் எழும் மின்னழுத்தத்தால் வெப்பத்தை அளப்பது), ஆர்.டி.டி. (மின்தடை மாறுவதால் வெப்பத்தை அளப்பது), ஸ்ட்ரெய்ன் கேஜ் (பொருள் எவ்வளவு இழுபடுகிறது என்பதை அளப்பது) முதலான உலோக உணரிகளின் காலம் முடிந்துவிட்டது என்றும், ஒளியிழை உணரியை ஒருமுறை பொருத்திவிட்டால் அளவுதிருத்தமோ (அறிந்த அளவோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தல்) பராமரிப்போ தேவைப்படாது என்றும் கட்டுரையில் கூறப்பட்டிருப்பதைக் கண்டும் காணாமல் விட்டுவிட மனம் ஒப்பவில்லை. இதை நம்பிக் கடன் வாங்கிக் கருவி வாங்கப் போகும் சிறு ஆலை உரிமையாளர்கள் நம் மாவட்டங்களில் இருக்கிறார்கள். அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

பழைய உணரிகளுக்கு உரிய மதிப்பை முதலில் கொடுத்துவிட வேண்டும். 1821இல் சீபெக் கண்ட விளைவை அடிப்படையாகக் கொண்ட தெர்மோகப்பிள், இருநூறு ஆண்டுகள் கடந்தும், சாயப்பட்டறைக் கொதிகலன் முதல் சிமென்ட் ஆலைச் சூளை வரை அன்றாடம் உழைத்துக்கொண்டிருக்கிறது. பரவலாகப் பயன்படும் கே வகைத் தெர்மோகப்பிள் ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட் தரும். ஆயிரம் டிகிரியைத் தாண்டியும் தாங்கும். சில நூறு ரூபாயிலிருந்து கடையில் கிடைக்கும். பரவலாகப் பயன்படும் பிளாட்டின ஆர்.டி.டி.யின் மின்தடை 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம். இந்த இரண்டு எண்களை மட்டும் நினைவில் வைத்திருக்கும் ஓர் ஐ.டி.ஐ. இளைஞர், கையில் ஒரு மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு போனால், உணரி நன்றாக இருக்கிறதா, கெட்டுவிட்டதா என்பதைப் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். அதுபோலவே, உணரியின் அளவை மின்னோட்டமாக மாற்றி அனுப்பும் டிரான்ஸ்மிட்டரிலிருந்து கட்டுப்பாட்டு அறைக்கு வரும் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டமும் எளிமையிலேயே சிறந்த ஏற்பாடு. அளவு சுழியாக இருக்கும்போதும் கம்பியில் 4 மில்லி ஆம்பியர் ஓடிக்கொண்டே இருப்பதால், ஓட்டம் அடியோடு நின்றுபோனால் கம்பி அறுந்துவிட்டது என்று உடனே தெரிந்துவிடும். பழுதைத் தானே அறிவிக்கும் இந்தக் குணத்தை எந்தப் புதிய முறையும் எளிதில் விஞ்சிவிட முடியாது.

இந்த உணரிகளுக்குக் குறைகள் இல்லாமலில்லை. மைக்ரோவோல்ட் அளவிலான மின்சமிக்ஞை, நூறு மீட்டர் செம்புக் கம்பியில் பயணம் செய்யும்போது, பக்கத்தில் ஓடும் ஒவ்வொரு மின்கேபிளும் அதன்மேல் தன் இரைச்சலை ஏற்றிவிடும். நான் பணியாற்றிய ஓர் ஆலையில், பெரிய விசிறி மோட்டார் ஒன்று ஓடத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் உலை வெப்பநிலை திடீரென்று பல டிகிரி துள்ளியது. மூன்று இரவுகள் தேடிய பிறகு, உணரியிலோ டிரான்ஸ்மிட்டரிலோ எந்தக் கோளாறும் இல்லை என்பது தெரிந்தது. மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவிலிருந்து வந்த கேபிளும் தெர்மோகப்பிள் கேபிளும் ஒரே டிரேயில் கிடந்தன. போதாக்குறைக்குத் தெர்மோகப்பிள் கேபிளின் ஷீல்டை, அதாவது இரைச்சலைத் தடுக்கும் உலோக உறையை, இரு முனைகளிலும் எர்த் செய்திருந்தார்கள். ஒரு முனையின் எர்த்தைக் கழற்றிவிட்டு, கேபிளைத் தனி டிரேக்கு மாற்றினோம். துள்ளல் அன்றே நின்றது. இன்னோர் இடத்தில், உணரித் தலையை அளவுகாட்டும் பேனலோடு இணைக்கும் காம்பன்சேட்டிங் கேபிளின் இரு நிறக் கம்பிகளையும் இரு முனைகளிலும் மாற்றிப் பூட்டியிருந்தார்கள். இப்படி மாற்றினால், உணரித் தலைக்கும் பேனலுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் போல் இரு மடங்கு குறைவாக அளவு காட்டும். உணரித் தலை 60 டிகிரியிலும் பேனல் 25 டிகிரியிலும் இருந்தால், உலையின் வெப்பநிலை 70 டிகிரி குறைவாகத் தெரியும். காட்டும் எண் நம்பும்படி இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது; பொருள்தான் கெட்டுப்போகும். இவை கவனக்குறைவால் வரும் தவறுகள். இவற்றைத் தீர்க்க ஒளியிழை வாங்க வேண்டியதில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தன் கேபிளைச் சரியாகக் கட்டத் தெரியாத ஆலை, கண்ணாடி இழையை அதைவிடக் கவனமாகக் கையாளும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆனால் எவ்வளவு கவனமாக எர்த் செய்தாலும், எத்தனை உறை போட்டாலும், செம்புக் கம்பியைக் கொண்டுபோகவே முடியாத இடங்கள் இருக்கின்றன. ஒளியிழையின் உண்மையான மதிப்பு அங்கேதான் தொடங்குகிறது. அதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு, துணை மின்நிலையங்களில் நிற்கும் பெரிய டிரான்ஸ்ஃபார்மர். கட்டுரையாளர் இதை ஒரே வரியில் கடந்துபோனது எனக்கு வருத்தம் தந்தது.

டிரான்ஸ்ஃபார்மரின் ஆயுள் என்பது, அதன் சுருள்களைச் சுற்றியுள்ள காகிதத்தின் ஆயுளே. எண்ணெய் கெட்டால் வடிகட்டலாம், மாற்றலாம். மின்கம்பியைத் தொட்டிக்குள் கொண்டுசெல்லும் காப்பான புஷிங் கெட்டாலும் மாற்றலாம். உள்ளே காகிதம் கருகி நொறுங்கிவிட்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை. சாதாரணக் காகிதத்துக்குச் சுருளின் மிகச் சூடான புள்ளி 98 டிகிரியில் இருக்கும்போது இயல்பான வேகத்தில் வயதாகும் என்றும், அதற்கு மேல் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் வயதாகும் வேகம் இரட்டிப்பாகும் என்றும் ஐ.இ.சி. எனும் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரவிதி கணக்கிடுகிறது. 104 டிகிரியில் இரு மடங்கு, 110 டிகிரியில் நான்கு மடங்கு. ஆகவே அந்த ஒரு புள்ளியின் வெப்பநிலையை 6 டிகிரி தவறாக அறிவது, ஆயுட்கணக்கைப் பாதியளவு தவறாக அறிவதற்குச் சமம். இத்தனை முக்கியமான அந்தப் புள்ளியைத் தொட்டு அளக்கும் கருவி, வழக்கமான டிரான்ஸ்ஃபார்மரில் கிடையாது. சுருள் வெப்பமானி என்று நாம் அழைக்கும் முகப்புக் கருவியின் குமிழ், தொட்டியின் மேற்பகுதியில் எண்ணெய் நடுவே ஒரு குழியில் அமர்ந்திருக்கிறது. சுமை மின்னோட்டத்தின் ஒரு பங்கை எடுத்து, ஒரு சிறு சூடேற்றிக்குக் கொடுத்து, சுருள் இவ்வளவு கூடுதலாகச் சூடாகியிருக்கும் என்று மதிப்பிட்டுக் காட்டுகிறார்கள். அதன் முள் காட்டுவது ஒரு மதிப்பீடு. கோடை மாலையில் சுமை சட்டென்று ஏறும்போது, எண்ணெய் மெதுவாகவே சூடாகும். சுருளோ நிமிடங்களில் சூடாகிவிடும். எண்ணெயை நம்பியிருக்கும் முள், அந்த நேரத்தில் பின்தங்கிப் போகும்.

பல ஆயிரம் வோல்ட் நிற்கும் சுருளுக்குள் செம்புக் கம்பியை விட்டால் அதுவே மின்கசிவுக்கும் வெடிப்புக்கும் பாதையாகிவிடும். கண்ணாடி இழைக்கு மின்சாரம் தெரியாது. இழையின் நுனியில் கேலியம் ஆர்சனைடு படிகத் துண்டு ஒன்று இருக்கும். வெப்பநிலை ஏற ஏற அந்தப் படிகம் எந்த அலைநீளம் வரை ஒளியை விழுங்கும் என்பது மாறும். வெளியிலிருந்து அனுப்பிய ஒளி திரும்பி வரும்போது அந்த எல்லை எங்கே நகர்ந்திருக்கிறது என்று பார்த்து, சுருளின் நடுவே உள்ள வெப்பநிலையை நேரடியாக அறிந்துவிடலாம். இது மெய்யாகவே பெரிய முன்னேற்றம். ஆயினும் ஒரு செய்தியை மறைக்கக் கூடாது. இந்த இழையைச் சுருள் சுற்றும்போதே, சுருளின் தட்டுப் போன்ற அடுக்குகளுக்கு இடையிலான இடைக்கட்டையில் பதித்து வைக்க வேண்டும். சுருளை அழுத்திக் கட்டும்போதோ, தொட்டிக்குள் இறக்கும்போதோ, சுவர்த் தகட்டின் வழியாக வெளியே எடுக்கும்போதோ இழை முறிந்தால் முறிந்ததுதான். பின்னர் எவராலும் உள்ளே போய் மாற்ற முடியாது. அதனால் ஒவ்வொரு மின்கட்டத்தின் (ஃபேஸ்) சுருளிலும் ஒன்றுக்கு மேற்பட்ட இழைகளை வைக்கச் சொல்ல வேண்டும்; எண்ணெய் நிரப்புவதற்கு முன்பும் பின்பும் ஒவ்வோர் இழையையும் சோதித்து எழுதி வாங்க வேண்டும். மிகச் சூடான புள்ளி எது என்பதை வடிவமைப்பாளரின் கணக்குத்தான் முடிவு செய்கிறது என்பதால், கணக்கு தவறினால் மிகச் சிறந்த உணரியும் தவறான இடத்தில் உட்கார்ந்திருக்கும். இவ்வளவையும் ஏற்றுக்கொண்ட பிறகும், பெரிய டிரான்ஸ்ஃபார்மரில் ஒளியிழை வேண்டும் என்றே நான் சொல்வேன்.

இரண்டாவது, நெடிய நீளம் முழுவதையும் கண்காணிக்க வேண்டிய இடம். ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள நிலக்கரிக் கன்வேயரில் எந்த உருளையின் பேரிங் இறுகிச் சூடாகும் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. இதுவரை அங்கே பயன்பட்டு வருவது வெப்ப உணர் கேபிள். இரண்டு கம்பிகளுக்கு இடையே உள்ள உறை, குறித்த வெப்பநிலையில், பெரும்பாலும் 68 டிகிரியில், உருகி, கம்பிகள் ஒன்றையொன்று தொட்டு அபாயமணி அடிக்கும். எளிய, நம்பகமான ஏற்பாடு. ஆனால் 30 டிகிரியில் இருந்த இடம் 60 டிகிரிக்கு ஏறிக்கொண்டிருக்கிறது என்பதை அது சொல்லாது. ஒருமுறை உருகிவிட்டால் அந்தத் துண்டை வெட்டி மாற்றியாக வேண்டும். ஒளியிழையோ முழு நீளமும் உணரி. இழைக்குள் ஒளி ஒரு விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. 10 நானோவிநாடி நீளமுள்ள ஒளித்துடிப்பை அனுப்பினால், எதிரொளி திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு, ஏறத்தாழ ஒவ்வொரு மீட்டரையும் தனித்தனியே பிரித்துப் பார்க்கலாம். திரும்பி வரும் ஒளியில் ஒரு மிகச் சிறு பங்கு அலைநீளம் மாறி வருகிறது. அதில் அலைநீளம் குறைந்து வரும் பகுதி வெப்பநிலையைப் பொறுத்துக் கூடிக் குறைவதால், அதையும் அலைநீளம் கூடி வரும் பகுதியையும் ஒப்பிட்டு அந்த மீட்டரின் வெப்பநிலையைக் கணக்கிடுகிறார்கள். இது ராமன் சிதறல். திருவானைக்கோவிலில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சர் சி.வி. ராமன், வத்திராயிருப்புப் பக்கத்தைச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணனின் துணையோடு 1928இல் கொல்கத்தாவில் கண்டறிந்த அதே சிதறல்தான் இன்று கன்வேயர்களுக்கும் சுரங்கப்பாதைகளுக்கும் தீக்காவல் புரிகிறது. ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 28இல் அறிவியல் நாள் கொண்டாடும் நம் பள்ளிகளில் இந்தப் பயன்பாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமே என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

கல்பாக்கத்தில் உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்திலும், அதிவேக ஈனுலை என்ற அணு உலையின் குழாய்களில், வெப்பத்தைக் கடத்த ஓடும் உருகிய சோடியம் கசிவதைக் கண்டறிய இதே ராமன் முறையை ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே வழக்கமாகப் பயன்படுவது, பீங்கான் மணிகள் கோத்த நிக்கல் கம்பியைக் குழாயின் மேல் ஓடவிடும் முறை; கசிந்த சோடியம் கம்பியைக் குழாயோடு இணைத்துவிட்டால் கசிவு தெரியும். பழைய முறை தொட்டால் சொல்லும். புதிய முறை எந்த இடம் சூடாகிறது என்று சொல்லும். எரிவாயுவும் கரைப்பான் ஆவியும் சூழ்ந்த ஆலைகளிலும் இழைக்கு இடமுண்டு. அங்கே மின் உணரி வைக்க வேண்டுமானால், ஒவ்வொரு மின்சுற்றுக்கும் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் 28 வோல்ட், 93 மில்லி ஆம்பியர் என்பது போன்ற எல்லைக்குள் கட்டுப்படுத்தும் பாதுகாப்புத் தடுப்பான்கள் தேவை. இழையில் தீப்பொறிக்கு வழியில்லை. ஆனால் குவிந்த ஒளியும் தூசியைச் சூடாக்கித் தீ மூட்ட முடியும் என்பதால், ஒளியின் திறனுக்கும் தனித் தரவிதி இருக்கிறது. ஒளி என்றாலே ஆபத்தில்லை என்று எண்ணிவிடலாகாது.

இனி, இழை போகக் கூடாத இடங்கள். கோவை வார்ப்படச் சாலைகளில் உருகிய இரும்பின் வெப்பத்தை அளக்க, பிளாட்டினம் ரோடியம் தெர்மோகப்பிள் கொண்ட, ஒருமுறை மட்டுமே பயன்படும் நுனியைக் கம்பத்தில் செருகி, உருக்கில் சில விநாடிகள் அமிழ்த்தி, எண்ணைப் பார்த்துவிட்டு நுனியைத் தூக்கி எறிகிறார்கள். அதைவிடப் பொருத்தமான முறை அங்கே இல்லை. ஒளியிழையின் கண்ணாடி அதிக வெப்பம் தாங்கும் என்று விளம்பரங்கள் சொல்வது உண்மை; ஆனால் அந்தக் கண்ணாடியைக் காக்கும் மேற்பூச்சு தாங்க வேண்டுமே. சாதாரண அக்ரிலேட் பூச்சு 85 டிகிரி வரையும் பாலிஇமைடு பூச்சு 300 டிகிரி வரையும்தான் நம்பத்தக்கவை. அளப்பதற்காக இழைக்குள் எழுதிய, பிராக் கிரேட்டிங் எனப்படும் சாதாரண வரித்தொகுதியும் அந்த வெப்பத்துக்கு மேல் மெல்ல மெல்ல அழியத் தொடங்கும். மேற்பூச்சு போன கண்ணாடி, கையால் தொட்டால் முறியும். ஐம்பது டிகிரி அறையில் ஒரே ஒரு புள்ளியை அளக்க இழை வேண்டும் என்று கேட்டு வருபவரிடம், ஓர் ஆர்.டி.டி.யை வாங்கிப் போடுங்கள் என்று சொல்வதே நேர்மை.

அளவுதிருத்தம் தேவையில்லை என்ற கருத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியதே அதுதான். பிராக் கிரேட்டிங் என்பது, 125 மைக்ரான் தடிமனுள்ள, தலைமயிரைவிடச் சற்றே பருத்த இழையின் நடுவில், ஒளிவிலகல் எண்ணை நெருக்கமான வரிகளாக மாற்றி எழுதிய பகுதி. அது ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தை மட்டும் திருப்பி அனுப்பும். கனடாவில் கென் ஹில்லும் அவருடைய குழுவினரும் 1978இல் இதை முதலில் கண்டார்கள். இழையை இழுத்தாலும் சூடாக்கினாலும் அந்த அலைநீளம் நகரும். 1,550 நானோமீட்டரில், ஒரு மைக்ரோஸ்ட்ரெய்ன் (நீளத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) இழுப்புக்குச் சுமார் 1.2 பிக்கோமீட்டரும் (நானோமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிக்கோமீட்டர்), ஒரு டிகிரிக்குச் சுமார் 10 பிக்கோமீட்டரும் நகரும். அளவை அலைநீளத்தில் பார்ப்பதால், வழியில் இழை சற்று வளைந்து ஒளி குறைந்தாலும் அளவு கெடுவதில்லை. ஒரே இழையில் வெவ்வேறு அலைநீளத்தில் இருபது கிரேட்டிங்குகளை வரிசையாக வைக்கலாம். இருபது ஸ்ட்ரெய்ன் கேஜுக்கு அறுபது கம்பிகள் இழுத்த எனக்கு அதன் அருமை நன்கு தெரியும். சென்னை தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம் இத்தகைய உணரிகளைக் கட்டுமானக் கண்காணிப்புக்குப் பயன்படுத்தி ஆராய்ந்து வருகிறது.

ஆனால் மேலே சொன்ன இரண்டு எண்களையும் மீண்டும் பாருங்கள். வெறும் இழை ஒரு டிகிரி சூடானாலே, எட்டு மைக்ரோஸ்ட்ரெய்ன் இழுத்தது போலத் தோன்றும். அதை இரும்பில் ஒட்டிவிட்டால், இரும்பு விரிவதால் ஏற்படும் இழுப்பும் சேர்ந்து அந்தப் பிழை இரட்டிப்புக்கு மேலாகும். காலையில் 25 டிகிரியும் பிற்பகலில் 40 டிகிரியும் காணும் நம் ஊர் இரும்பு உத்தரத்தில், சுமையே ஏறாமல் இருநூறு மைக்ரோஸ்ட்ரெய்னுக்கு மேல் ஏறியது போலக் கருவி காட்டும். பக்கத்திலேயே, இழுப்பு படாமல் தளர்வாக வைத்த இன்னொரு கிரேட்டிங்கைக் கொண்டு வெப்பநிலையைத் தனியே அளந்து கழிக்க வேண்டும். அந்தக் கழித்தல் சரியாக இருக்க வேண்டுமானால், ஒவ்வோர் உணரிக்கும் அலைநீளம் எவ்வளவு நகரும் என்பதை வெப்பத் தொட்டியில் வைத்துச் சோதித்து எழுதிக்கொள்ள வேண்டும். இதற்குப் பெயர்தான் அளவுதிருத்தம். அலைநீளத்தைப் படிக்கும் கருவியில், வாயுக்கள் விழுங்கும் மாறாத அலைநீளக் கோடுகளைக் கொண்டு தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ளும் வசதி இருக்கலாம். அது கருவியைச் சரிபார்க்குமே அன்றி, உத்தரத்தில் ஒட்டிய பசை வெயிலில் இளகிவிட்டதா என்பதைச் சொல்லாது. ராமன் முறையிலும் இப்படித்தான். ஒப்பிடும் இரண்டு ஒளிகளும் வெவ்வேறு அலைநீளத்தில் வருவதால், நெடுந்தூரத்தில் இரண்டும் வெவ்வேறு அளவில் தேயும். இழைக்கு வயதாக வயதாக அந்த வேறுபாடும் மாறும். அறிந்த வெப்பநிலையில் இழையின் ஒரு சுற்றை வைத்து அவ்வப்போது ஒப்பிட்டுப் பார்க்காவிட்டால், காட்டும் எண் மெல்ல விலகிப் போகும்.

பராமரிப்பு பற்றி, நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற பிறகு ஓர் ஆலைக்கு ஆலோசனை சொல்லப் போனேன். கிரேன் ஓடும் உத்தரத்தில் பிராக் கிரேட்டிங்குகளை ஒட்டி, பல லட்சம் ரூபாயில் அவற்றின் அலைநீளத்தைப் படிக்கும் படிப்புக்கருவியும் வாங்கி வைத்திருந்தார்கள். நான்கு மாதங்களாகத் திரையில் ஒரு கோடும் இல்லை. விற்றவர்களுக்குக் கடிதம் மேல் கடிதம் போயிருந்தது. பெட்டியைத் திறந்தேன். கதவின் ரப்பர் விளிம்பு கிழிந்து, உள்ளே மெல்லிய சாம்பல் நிறத் தூசி படிந்திருந்தது. கனெக்டரின் சிறு மூடி பெட்டியின் அடியில் உருண்டு கிடந்தது. யாரோ ஒருவர் இணைப்பைக் கழற்றி மீண்டும் செருகியிருக்கிறார். செருகியபோது, பச்சை நிறக் கனெக்டருக்கு உரிய இடத்தில் நீல நிறக் கனெக்டர் கொண்ட வேறு இணைப்பு இழையைப் போட்டுவிட்டார். பச்சையின் முகம் 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டிருக்கும். நீலத்தின் முகம் நேராக இருக்கும். இரண்டையும் சேர்த்தால் நடுவே காற்றிடைவெளி விழுந்து, போகும் ஒளி குறைந்து, முகத்திலிருந்தே திரும்பும் ஒளி கிரேட்டிங்கின் மெல்லிய ஒளிச்சமிக்ஞையை மூழ்கடித்துவிடும். உருப்பெருக்கியில் மற்றொரு கனெக்டரின் முகத்தைப் பார்த்தபோது, 9 மைக்ரான் அகலமுள்ள ஒளிப்பாதையின் மேல் கரும்புள்ளி ஒன்று உட்கார்ந்திருந்தது. ஆல்கஹாலில் நனைத்த, நார் உதிராத தாளால் ஒரே திசையில் துடைத்து, மீண்டும் பார்த்து, மீண்டும் துடைத்து, சரியான பச்சைக் கனெக்டர் இழையைப் பூட்டினோம். அரை மணிக்குள் கோடுகள் எல்லாம் திரையில் எழுந்து நின்றன. அந்த ஆலையின் கருவிப் பிரிவு இளைஞர்கள் திறமையில் குறைந்தவர்கள் அல்லர். தெர்மோகப்பிளில் அவர்களுக்குத் தெரியாத நுணுக்கமில்லை. இழையைத் துடைத்த பிறகே செருக வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, உருப்பெருக்கியும் வாங்கிக்கொடுக்கவில்லை. கருவிக்குப் பல லட்சம் கொடுத்த நிர்வாகம், அதைக் காக்கும் சில ஆயிரம் ரூபாய்ப் பொருளை வாங்கவில்லை என்பதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

இந்தத் திறன் நம் ஊரில் இல்லாததன்று. தமிழ்நாடு ஃபைபர்நெட் முதல் தெருக் கேபிள் நிறுவனம் வரை, இணைய இழை இழுக்கும் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். சாலையோரத்தில், ஸ்கூட்டர் இருக்கையின் மேல் ஸ்பிளைசிங் கருவியை வைத்துக்கொண்டு, மேற்பூச்சை உரித்து, ஆல்கஹாலில் துடைத்து, நுனியைச் சீராக வெட்டி, இரண்டு இழைகளையும் மின்பொறியில் உருக்கி ஒட்டி, மேலே சுருங்கும் உறையைப் போட்டுவிடுகிறார்கள். இத்தனையும் ஒருசில நிமிடங்களில். அவர்களுக்கு 4 முதல் 20 மில்லி ஆம்பியர் தெரியாது. ஆலைக்குள் இருக்கும் கருவி மெக்கானிக்குக்கு ஸ்பிளைசிங் தெரியாது. இந்த இரண்டையும் ஒருவரே கற்கும்படி, ஐ.டி.ஐ.யின் கருவி மெக்கானிக் பிரிவிலும் பாலிடெக்னிக்கின் கருவியியல் பட்டயப் படிப்பிலும் பயிற்சி அமைய வேண்டும். ஒரு ஸ்பிளைசிங் கருவி, ஓர் உருப்பெருக்கி, நூறு மீட்டர் இழை, இரண்டு கிரேட்டிங்குகள், ஒரு வெந்நீர்த் தொட்டி இருந்தால் போதும். மாணவர் தம் கையால் இழையை வெட்டி ஒட்டி, தொட்டியில் ஆர்.டி.டி.யையும் கிரேட்டிங்கையும் ஒன்றாக அமிழ்த்தி, இரண்டும் காட்டும் அளவுகளை ஒப்பிட்டுப் பார்த்தால், எதை எங்கே நம்பலாம் என்பது அவருக்கே விளங்கிவிடும்.

ஆலை உரிமையாளர்களுக்கும் கொள்முதல் பிரிவினருக்கும் என் வேண்டுகோள்: ஒளியிழைக் கருவிக்கு விலைப்புள்ளி கேட்கும்போது, கருவியின் விலையை மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள். இழை அறுந்தால் யார், எத்தனை நாளில் வந்து ஒட்டுவார்கள். துடைக்கும் பொருளும் உருப்பெருக்கியும் சேர்ந்து வருமா. உங்கள் தொழிலாளர் இருவருக்கு எத்தனை நாள் பயிற்சி தருவார்கள். ஒவ்வோர் உணரியின் அளவுதிருத்தச் சான்றும் கைக்கு வருமா. படிப்புக்கருவி பழுதானால் அத்தனை புள்ளிகளும் ஒரே நேரத்தில் இருண்டுவிடுமே, அதற்கு மாற்று என்ன என்பவற்றையும் எழுத்தில் கேளுங்கள். கடைசிக் கேள்வியை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். இருபது தெர்மோகப்பிளில் ஒன்று போனால் பத்தொன்பது மிஞ்சும். இருபது கிரேட்டிங்குள்ள ஒற்றை இழை தொடக்கத்திலேயே அறுந்தால் ஒன்றும் மிஞ்சாது. ஆகவே, ஆலையை நிறுத்தும் பாதுகாப்பு அளவுகள் எதையும் ஒற்றை இழையை மட்டும் நம்பி அமைக்கக் கூடாது.

தங்கள் கட்டுரையில் அளவுதிருத்தம் பற்றியும் பராமரிப்பு பற்றியும் வந்துள்ள வரிகளுக்கு ஒரு திருத்தம் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இணைப்பில் இப்பொருள் பற்றி மீண்டும் எழுதும்போது, கருவி விற்போரோடு நிறுத்திக்கொள்ளாமல், சுருளுக்குள் இழையைப் பதிக்கும் டிரான்ஸ்ஃபார்மர் தொழிலாளரையும், கன்வேயர் ஓரம் இரவுப் பணியில் நிற்கும் கருவி மெக்கானிக்கையும் சந்தித்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற கருவிப் பராமரிப்புப் பொறியாளர்,
ஈரோடு.